பாதி வாக்குமூலம்

பிரான்சுக்கு ஒரு நற்சான்றிதழ் உண்டு. 1940இல் ஜெர்மனியிடம் தோற்று, முதலில் வடபகுதியையும் 1942 நவம்பருக்குப் பின் முழு நாட்டையும் ஆக்கிரமிப்பாளரிடம் பறிகொடுத்த அந்த நாடு, போர் முடிந்ததும் 'நாங்கள் எல்லோரும் எதிர்த்துப் போராடினோம்' என்று ஒரு கதை சொல்லிக்கொண்டது. பிறகு அந்தக் கதையைத் தானே உடைத்தது. மார்செல் ஓஃபுல்ஸ் ஒரு நகரத்து மனிதர்களைப் பேசவைத்து எடுத்த ஆவணப்படம், அரசுத் தொலைக்காட்சி 1981 வரை ஒளிபரப்பாமல் வைத்திருந்தும், திரையரங்குகள் வழியாக மக்களைச் சேர்ந்தது. தோல்விக்குப் பின் மார்ஷல் பெத்தேன் தலைமையில் அமைந்த விஷி அரசு நாஜிகளோடு ஒத்துழைத்தது அவர்களுடைய நெருக்குதலால் அல்ல, தன் சொந்த விருப்பத்தால் என்று அமெரிக்க வரலாற்றாசிரியர் ராபர்ட் பாக்ஸ்டன் 1972இல் நிறுவினார். 1995 ஜூலை 16 அன்று அதிபர் சிராக், 1942 ஜூலையில் பாரிசில் 13,000க்கும் மேற்பட்ட யூதர்களைப் பிடித்துக் கொடுத்தது பிரெஞ்சுக் காவல்துறைதான், அந்தக் குற்றம் பிரான்சினுடையது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பிடிபட்டவர்களில் 4,000க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். ஆகவே, தன் இருண்ட காலத்தை நேருக்கு நேர் பார்த்து முடித்த நாடு பிரான்ஸ், மற்ற நாடுகள் அதனிடம் பாடம் கற்க வேண்டும் என்பது இன்று ஏறக்குறைய எல்லோரும் ஏற்ற கருத்து.

நான் இதை ஏற்கவில்லை. யூதர்களை நாடுகடத்திய குற்றத்தைப் பொறுத்தவரை பிரான்ஸ் செய்த நினைவுப்பணி பெரிது என்பதில் எனக்கு ஐயமில்லை. அனுப்பப்பட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் திரட்டி 1978இல் வெளியிட்ட செர்ழ் கிளார்ஸ்ஃபெல்டின் உழைப்பு போற்றுதலுக்கு உரியது. ஆனால் அந்த வாக்குமூலத்தில் சொல்லப்பட்டது பாதிதான். மறுபாதி ஆப்பிரிக்காவிலும் வியட்நாமிலும் அல்ஜீரியாவிலும் கிடக்கிறது. அதை 'காலனிய வரலாறு' என்று வேறு அலமாரியில் வைத்துப் பூட்டியதால்தான் முதல் பாதியை அவ்வளவு நேர்த்தியாகச் சொல்லி முடிக்க முடிந்தது. போர்க்கால நினைவு வேறு, காலனி நினைவு வேறு என்ற இந்தப் பிரிவினையைத்தான் நான் மறுக்கிறேன். இரண்டும் ஒரே வரலாறு. ஒரே ஆண்டுகள், ஒரே சட்டங்கள், பல இடங்களில் ஒரே மனிதர்கள்.

எதிர்ப்பியக்கத்தின் தலைமகனாகப் போற்றப்படும் ழான் முலேனிடமிருந்தே தொடங்கலாம். அவர் உடல் எச்சமாகக் கருதப்படும் சாம்பல் 1964 டிசம்பரில் பந்தேயோன் நினைவாலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது. பிரான்சின் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் அவர் பெயர் தெரியும். அவருடைய முதல் எதிர்ப்பு எதற்காக நிகழ்ந்தது? 1940 ஜூன் 17 அன்று, தெகோல் லண்டன் வானொலியில் பேசுவதற்கு முந்தைய நாள், சார்த்ர் நகரில் நிர்வாகத் தலைவராக இருந்த முலேனிடம் ஜெர்மானிய அதிகாரிகள் ஒரு தாளை நீட்டினார்கள். செனகல் துப்பாக்கிப் படையைச் சேர்ந்த கறுப்புச் சிப்பாய்கள் பெண்களையும் குழந்தைகளையும் வன்புணர்ந்து கொன்றதாக அதில் எழுதியிருந்தது. கையெழுத்திட மறுத்தார். அடித்தார்கள். இரவில் ஒரு செனகல் சிப்பாயோடு அவரை ஓர் அறையில் அடைத்தார்கள். மறுநாளும் அடித்தால் கையெழுத்திட்டுவிடுவோமோ என்று அஞ்சி, கிடந்த கண்ணாடித் துண்டால் தன் கழுத்தை அறுத்துக்கொண்டார். உயிர் பிழைத்தது தற்செயல். ஆக, பிரெஞ்சு எதிர்ப்பின் மாபெரும் பெயர், ஆப்பிரிக்கச் சிப்பாய்களின் மானத்தைக் காக்கத் தன் உயிரையே விடத் துணிந்த செயலில் தொடங்குகிறது. காலனியை வெளியே நிறுத்திவிட்டு இந்தக் கதையைச் சொல்லவே முடியாது. ஆனாலும் எத்தனை மேடைகளில் முலேனின் தியாகம் மட்டும் பேசப்பட்டு, அவர் யாருக்காக மறுத்தார் என்பது பாதி வாக்கியத்தில் கடந்துபோகிறது!

அந்தச் சில நாள்களில் முலேன் கையெழுத்திட மறுத்த அதே பொய்யின் பெயரால் ஜெர்மானியர் சரணடைந்த கறுப்புச் சிப்பாய்களைத் தனியே பிரித்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். லியோனுக்கு அருகே ஷாஸ்லேயில் செம்மண் நிறச் சுவர்களோடு மேற்கு ஆப்பிரிக்கப் பாணியில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே கிடப்பவர்கள் அப்படிக் கொல்லப்பட்டவர்கள். அந்த வாரங்களில் இவ்வாறு மாண்டவர்கள் 1,500 முதல் 3,000 வரை இருக்கலாம் என்கிறார் வரலாற்றாசிரியர் ராஃபயேல் ஷெக். தப்பிய காலனிச் சிப்பாய்களை ஜெர்மானியர் தங்கள் மண்ணுக்குக் கொண்டுபோக விரும்பவில்லை. பிரான்சிலேயே முகாம்களில் அடைத்தார்கள். 1943இல் அந்த முகாம்கள் சிலவற்றில் ஜெர்மானியக் காவலர்களுக்குப் பதிலாகப் பிரெஞ்சு அதிகாரிகளே பொறுப்பேற்றனர். பிரான்சுக்காகப் போரிட்டுச் சிறைப்பட்டவனுக்கு, எதிரியின் சார்பில் பிரெஞ்சு அதிகாரியே காவல் நின்றார். ஒத்துழைப்பு என்ற சொல்லுக்கு இதைவிடக் கடுமையான சான்றைப் பிரான்சின் நிலப்பரப்புக்குள் தேட வேண்டியதில்லை. ஆனால் ஒத்துழைப்பைப் பற்றிய பொதுப்பேச்சில் இந்த முகாம்கள் அரிதாகவே இடம்பெறுகின்றன.

விஷியைக் காப்பாற்ற முனைவோரின் பழைய வாதம் ஒன்று இன்னும் சாகவில்லை. பெத்தேன் ஒரு கேடயம், அவர் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்ற வாதம் அது. 1950களில் ராபர் ஆரோன் அதற்கு நூல் வடிவம் கொடுத்தார். 2022 அதிபர் தேர்தலில் நின்ற எரிக் செமூர், பெத்தேன் பிரெஞ்சு யூதர்களைக் காப்பாற்றினார் என்ற அளவுக்குப் போனார். இதை முறியடிக்கப் பாக்ஸ்டன் ஜெர்மானிய ஆவணங்களுக்குள் புகுந்து தேட வேண்டியிருந்தது. காலனிகளைப் பார்த்திருந்தால் அவ்வளவு தூரம் போகாமலேயே பொய் வெளிப்பட்டிருக்கும்.

அல்ஜீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஜெர்மானிய ஆக்கிரமிப்புப் படை இல்லை. 1940 அக்டோபர் 7 அன்று விஷி அரசு, 1870 முதல் நடைமுறையிலிருந்த கிரேமியோ ஆணையை ரத்துசெய்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அல்ஜீரிய யூதர்களின் குடியுரிமையை ஒரே கையெழுத்தில் பறித்தது. எந்த ஜெர்மானியரும் அதைக் கேட்கவில்லை. பள்ளிகளில் யூதப் பிள்ளைகளுக்கு விதித்த கட்டுப்பாடு பிரான்சில் இருந்ததைவிடக் கடுமையாக இருந்தது. அப்படி வெளியேற்றப்பட்ட சிறுவர்களில் ஒருவர் பின்னாளில் தத்துவ உலகம் அறிந்த ழாக் தெரிதா. சகாரா விளிம்பில் முகாம்கள் திறக்கப்பட்டன. ஸ்பானிய அகதிகளும் யூதர்களும் கம்யூனிஸ்டுகளும் அங்கே வெயிலில் கல்லுடைத்தார்கள். அதற்குப் பின் நடந்தது அதைவிடக் கசப்பானது. 1942 நவம்பர் 8 அன்று நேசநாட்டுப் படை அல்ஜீரியாவில் இறங்கியது, விஷியின் பிடி அங்கே முடிந்தது. ஆனால் குடியுரிமை உடனே திரும்பவில்லை. அதிகாரத்துக்கு வந்த ஜெனரல் ழிரோ 1943 மார்ச்சில் அந்த ரத்தை மீண்டும் உறுதிப்படுத்தினார். யூதர்கள் குடியுரிமை பெற 1943 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெர்மானியர் இல்லை, விஷியும் போய்விட்டது, ஆனாலும் சட்டம் நின்றது. அது யாருக்குக் கேடயம்?

மார்த்தினிக், குவாதலூப், மடகாஸ்கர் ஆகிய தீவுகளிலும் அதே நிலை. ஜெர்மானிய ஆக்கிரமிப்புப் படை கால்வைக்காத அந்தத் தீவுகளில் பெத்தேனின் 'தேசியப் புரட்சி' முழு வீச்சில் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட கறுப்பு மேயர்கள் நீக்கப்பட்டார்கள். 1941இல் எமே செசேரும் சுசான் செசேரும் நண்பர்களோடு தொடங்கிய இதழுக்கு, இரண்டாண்டுக்குப் பின் காகிதம் மறுக்கப்பட்டது. மார்த்தினிக் இளைஞர்கள் இரவில் படகேறிப் பக்கத்து ஆங்கிலேயத் தீவுகளுக்குத் தப்பி, அங்கிருந்து தெகோல் தலைமையிலான சுதந்திர பிரான்சின் படையில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் பதினெட்டு வயதை எட்டாத ஃபிரான்ஸ் ஃபனோன். பிற்காலத்தில் காலனியத்தைக் கிழித்துக் காட்டிய அந்த எழுத்தாளர், அல்சாஸ் போர்முனையில் பிரான்சுக்காகக் காயம்பட்டு வீரப்பதக்கம் வாங்கியவர். அவரை ஒரு அலமாரியிலும் அவர் போரிட்ட போரை வேறு அலமாரியிலும் வைப்பது எப்படி நியாயமாகும்?

இனி சுதந்திர பிரான்சின் கதை. தெகோல் லண்டனில் பேசினார் என்பது எல்லோருக்கும் தெரியும். வானொலிக் குரலுக்கு நிலமும் மக்களும் வரிப்பணமும் எங்கிருந்து கிடைத்தன என்று கேட்டால் பதில் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. 1940 ஆகஸ்ட் 26 அன்று சாட் நாட்டு ஆளுநர் ஃபெலிக்ஸ் எபுவே தெகோலின் பக்கம் சேர்ந்தார். பிரெஞ்சு கயானாவின் கயேனில் பிறந்த கறுப்பர், அடிமைகளின் வழித்தோன்றல். அடுத்த இரண்டு நாளில் கேமரூனும் பிரஸ்ஸாவிலும் வந்தன. அக்டோபரில் பிரஸ்ஸாவிலில்தான் பேரரசுப் பாதுகாப்பு மன்றம் அறிவிக்கப்பட்டது. அந்த ஊரே சுதந்திர பிரான்சின் தலைநகர் ஆயிற்று. கனடா வரலாற்றாசிரியர் எரிக் ஜென்னிங்ஸ் இதை விரிவாக எழுதிய நூலுக்கு, சுதந்திர பிரான்ஸ் ஆப்பிரிக்கப் பிரான்ஸாகவே இருந்தது என்ற பொருளில் தலைப்பு வைத்தார். அது மிகை அல்ல. அதே மண்ணில் போருக்கு ரப்பர் வேண்டும் என்று மக்களைக் கட்டாய வேலைக்குக் காட்டுக்குள் விரட்டினார்கள் என்பதையும் அவரே காட்டுகிறார். விடுதலைக்காகப் போராடிய அரசு கட்டாய உழைப்பின்மேல் நின்றது. அந்த முறையை ஒழிக்கும் சட்டம் 1946 ஏப்ரலில்தான் வந்தது.

நமக்கு அருகே புதுச்சேரியும் இந்த வரலாற்றில் ஒரு பக்கம். ஆளுநர் லூயி பொன்வேன் 1940 செப்டம்பரில் பிரெஞ்சிந்தியாவைத் தெகோல் பக்கம் சேர்த்தார். அதே நேரத்தில் சைகோனில் அலுவலர்களாகவும் வணிகர்களாகவும் வாழ்ந்த புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் விஷியின் ஆட்சியில், ஜப்பானியப் படையின் நிழலில் இருந்தார்கள். ஒரே குடும்பம் இரண்டு பிரான்சுகளில் பிரிந்து கிடக்க நேர்ந்த காலம் அது. அவர்களுடைய நினைவுக்கும் 'ஆக்கிரமிப்புக் காலம்' என்றுதான் பெயர். பாரிஸ் நகரின் நினைவுநாள்களில் அதற்கு இடமில்லை.

1944 ஆகஸ்ட் 15 அன்று பிரோவான்ஸ் கடற்கரையில் இறங்கி துலோனையும் மார்செய்யையும் மீட்ட பிரெஞ்சுப் படையில் பெரும் பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. ஆனால் பாரிசுக்குள் நுழையும் பிரெஞ்சுப் பிரிவு வெள்ளையர் பிரிவாக இருக்க வேண்டும் என்று நேசநாட்டுத் தலைமை விரும்பியதும், லெக்லேர்க்கின் கவசப் பிரிவு தேர்வானதில் அதற்கும் பங்கிருந்ததும் ஆவணங்களில் பதிவாகியுள்ளன. இலையுதிர்காலம் வந்தது. குளிர் தாங்காது என்று காரணம் சொல்லி, கறுப்புச் சிப்பாய்கள் 15,000க்கும் மேற்பட்டோரைப் போர்முனையிலிருந்து பின்னுக்கு அனுப்பினார்கள். பல இடங்களில் அவர்கள் அணிந்திருந்த சீருடையைக் கழற்றி, புதிதாகச் சேர்ந்த உள்நாட்டு எதிர்ப்பியக்க இளைஞர்களுக்குக் கொடுத்தார்கள். படையை 'வெளுப்பது' என்று அதிகாரிகளே இதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். வெற்றி ஊர்வலத்தின் புகைப்படங்களில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது அந்த வாரங்களில் தீர்மானமான விஷயம். நினைவு பின்னாளில் தவறிப்போகவில்லை. போர் முடிவதற்கு முன்பே அதைத் திருத்தியமைத்தார்கள்.

திரும்பிப்போனவர்களுக்கு என்ன நடந்தது என்பதைச் செனகலில் தாக்கருக்கு அருகிலுள்ள தியாரோய் முகாம் சொல்கிறது. 1944 நவம்பரில் தாக்கருக்குக் கப்பலில் வந்திறங்கிய சிப்பாய்கள், நான்காண்டு ஜெர்மானியர் முகாம்களில் கிடந்தவர்கள். பிடிபட்ட காலத்துச் சம்பள பாக்கியைக் கேட்டார்கள். டிசம்பர் 1 அதிகாலையில் அவர்களுடைய பிரெஞ்சுத் தளபதிகளே அவர்களைச் சுற்றிவளைத்துச் சுடவைத்தார்கள். அரசுக் கணக்கில் இறந்தோர் 35. இன்னொரு ராணுவ அறிக்கையில் 70. உண்மை எண் அதைவிடப் பெரிது என்று ஆய்வாளர் ஆர்மெல் மாபோன் பல்லாண்டுகளாக வாதாடுகிறார். உயிர் பிழைத்தவர்களில் 34 பேருக்குக் 'கலகம்' செய்ததாகச் சிறைத்தண்டனை விதித்தார்கள். செனகலின் ஊஸ்மான் செம்பேன் 1988இல் இதைப் படமாக எடுத்தார். வெனிசில் நடுவர் சிறப்புப் பரிசு பெற்ற அந்தப் படம் பிரான்சில் நீண்ட காலம் திரையிடப்படாமலே இருந்தது. 2024 நவம்பரில்தான், நிகழ்ந்து எண்பது ஆண்டு நிறைவதற்குச் சில நாள்கள் இருக்கையில், அதிபர் மக்ரோன் அதைப் படுகொலை என்று ஒப்புக்கொண்டு செனகல் அதிபருக்குக் கடிதம் எழுதினார்.

வியட்நாமில் நிகழ்ந்ததை எண்ணிப்பார்க்கும் வழக்கமே பிரெஞ்சுப் பொதுநினைவில் இல்லை. அங்கே அட்மிரல் ழான் தெக்கு 1940 முதல் விஷியின் பெயரால் ஆண்டார். ஜப்பானியப் படை நாட்டுக்குள் இருக்க, பிரெஞ்சு நிர்வாகம் அதற்கு ஒத்துழைத்து நாற்காலியைக் காத்துக்கொண்டது. யூதர்களுக்கு எதிரான சட்டம் ஹனோயிலும் அமலானது. 1945 மார்ச் 9 வரை, ஜப்பானியரே கவிழ்க்கும் வரை, அந்த ஏற்பாடு நீடித்தது. இடையில் வடக்கே தொன்கின் பகுதியில் நெல்லைக் கட்டாயக் கொள்முதல் செய்தும் நெல்வயலில் சணல் போட வைத்தும் வறட்சியைப் பஞ்சமாக்கினார்கள். மாண்டவர்கள் பத்து லட்சமாக இருக்கலாம், இருபது லட்சம் என்றும் சொல்கிறார்கள். எந்த எண்ணை எடுத்தாலும் அந்த ஆண்டுகளில் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் மாண்டவர்களில் மிகப் பெரும் பகுதி இவர்கள்தான். பஞ்சம் உச்சத்துக்குப் போகும் வரை கொள்முதலை நடத்தியது பிரெஞ்சு நிர்வாகம். 'இருண்ட ஆண்டுகள்' என்று பாரிஸ் தன் காலத்துக்குப் பெயர் வைத்தபோது இந்த இருளை அது கணக்கில் சேர்க்கவில்லை.

1945 மே 8. ஐரோப்பா வெற்றியைக் கொண்டாடிய அன்று, அல்ஜீரியாவின் செத்திஃபில் ஊர்வலத்தில் அல்ஜீரியக் கொடியோடு நடந்த இளைஞனைக் காவலர்கள் சுட்டார்கள். கலவரம் வெடித்து நூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியர் கொல்லப்பட்டனர். அதற்குப் பதிலாக வாரக்கணக்கில் ஊர்களை விமானங்கள் குண்டுவீசித் தாக்கின, கடற்படைக் கப்பல் கரையை நோக்கிச் சுட்டது, குடியேறிகளின் ஆயுதக்குழுக்கள் வேட்டையாடின. மாண்ட அல்ஜீரியர் எத்தனை ஆயிரம் என்பதில் இன்றும் அரசுகளும் ஆய்வாளர்களும் உடன்படவில்லை. கெல்மாவில் ஆயுதக்குழுவைத் திரட்டி ஆட்களைச் சுடவைத்த துணை ஆட்சியர் ஆந்த்ரே அஷியாரி. 1942இல் நேசநாட்டுப் படை அல்ஜியர்சில் இறங்க ரகசியமாக உதவிய எதிர்ப்பியக்கப் போராளி அவர். அந்த மாதத்தில் வான்படை அமைச்சர் சார்ல் தியோன், நாஜிகளை எதிர்த்துத் துப்பாக்கி ஏந்திய கம்யூனிஸ்டுத் தளபதி. மோன்தே கசினோவில் போரிட்டு, தெகோல் கையால் பதக்கம் பெற்ற அகமது பென் பெல்லா, ஊர் திரும்பியதும் இந்தச் செய்தியைக் கேட்டுத்தான் அல்ஜீரிய விடுதலைப் பாதைக்குப் போனார். 'எதிர்த்தவர்கள்', 'உடன்போனவர்கள்' என்று இரண்டே வரிசையில் மக்களை நிறுத்தும் நினைவு, அஷியாரியை எந்த வரிசையில் நிறுத்தும்? அவர் இரண்டிலும் பொருந்தாததால் மறந்துவிட்டார்கள்.

இரண்டு அலமாரிகள் ஒரே மனிதனின் மேசையில் சேர்ந்த கதையைப் பிரான்சே நேரில் பார்த்தது. மொரீஸ் பாப்போன் 1942 முதல் 1944 வரை போர்தோவில் மாவட்ட நிர்வாகத்தின் பொதுச்செயலர். அவருடைய கையொப்பங்களோடு யூதர்கள் துரான்சி முகாம் வழியாக ஆஷ்விட்சுக்குப் போனார்கள். போருக்குப் பின் அவரை யாரும் தொடவில்லை. அல்ஜீரியாவின் கான்ஸ்தந்தீனில் ஆட்சியராகி, அங்கே கற்றதோடு பாரிஸ் காவல்துறைத் தலைவரானார். 1961 அக்டோபர் 17 அன்று பாரிசில் அமைதியாக ஊர்வலம் போன அல்ஜீரியர்களை அவருடைய காவலர்கள் அடித்துக் கொன்று சேன் நதியில் வீசினார்கள். 1998 ஏப்ரலில் அவருக்குப் பத்தாண்டு சிறை விதிக்கப்பட்டது, போர்தோவுக்காக மட்டும். 1961க்கு யாரும் தண்டிக்கப்படவில்லை. பாரிஸ் நிகழ்வு அந்த வழக்கில் பேசப்பட்டதும்கூட ழான்-லுய் ஐனோதி என்ற தனி ஆய்வாளர் சாட்சி சொன்னதால்தான். முதல் குற்றம் நாட்டின் மனச்சாட்சியைத் தொட்டது, இரண்டாவது ஒரு பக்கச் செய்தியாக ஒதுங்கியது. இந்தத் தீர்ப்பு பிரெஞ்சு நினைவின் அமைப்பையே அப்படியே காட்டுகிறது.

இதற்கு எதிராக மூன்று பதில்கள் வருகின்றன. முதலாவது, 'படிப்படியாக ஒப்புக்கொண்டுவருகிறார்களே' என்பது. உண்மை, ஒவ்வொரு தேதியையும் தனித்தனியே ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் ஒப்புக்கொள்ளும் வேகத்தைப் பாருங்கள். 1959இல் ஒரு நிதிச் சட்டம், சுதந்திரம் பெற்ற காலனிகளின் முன்னாள் சிப்பாய்களுடைய ஓய்வூதியத்தை அப்படியே உறையவைத்தது. பக்கத்துப் பதுங்குகுழியில் இருந்த பிரெஞ்சுக்காரருக்குக் கூடிக்கொண்டே போனபோது அவர்களுடையது நின்றது. 2001இல் அரசவை நீதிமன்றம் அதைப் பாகுபாடு என்றது. இந்தச் சிப்பாய்களைப் பற்றிய ரஷீத் பூஷாரெப்பின் படம் 2006இல் வெளியான பிறகே அரசு அசைந்தது. முழுச் சமன் 2011இல்தான். அதற்குள் பெரும்பாலோர் செத்துப்போனார்கள். நாடாளுமன்றமோ 2005 பிப்ரவரியில், வட ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு இருப்பின் 'நற்பங்கை'ப் பள்ளிப்பாடம் ஏற்க வேண்டும் என்று ஒரு விதியை இயற்றியது. எதிர்ப்பு எழுந்த பின் மறுஆண்டு நீக்கினார்கள். ஒப்புக்கொண்டுவரும் நாட்டின் சட்டம் இப்படியா இருக்கும்?

இரண்டாவது பதில், 'நாஜிகளின் இனவழிப்பையும் காலனிய வன்முறையையும் ஒன்றாக்காதீர்கள்' என்பது. நான் ஒன்றாக்கவில்லை. இனவழிப்பு தனித்தன்மை உடையது, அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. நான் கேட்பது, ஒரே அரசின் ஒரே ஆண்டுகளில் நடந்தவற்றை ஒரே புத்தகத்தில் வைத்துப் படியுங்கள் என்பதே. கிரேமியோ ஆணை ரத்தும் தியாரோயும் தொன்கின் பஞ்சமும் விஷியையும் அதற்குப் பின் வந்த குடியரசையும் சேர்ந்தவை. அவற்றைப் படித்தால் பாரிசில் நடந்த கைதுகளின் துயரம் குறையாது.

மூன்றாவது பதில்தான் அதிகம் கேட்கக்கூடியது. 'இன்றைய கண்ணால் அன்றைய மனிதரை அளக்கிறீர்கள், அப்போது யாருக்கும் இந்தத் தொடர்பு தெரியாது' என்கிறார்கள். இது பொய். தெரிந்தவர்கள் இருந்தார்கள், சொன்னார்கள், தண்டிக்கப்பட்டார்கள். 1950இலேயே எமே செசேர், ஐரோப்பா ஹிட்லரிடம் மன்னிக்காதது காலனிகளில் செய்யப்பட்டதை அவன் வெள்ளையருக்குச் செய்ததைத்தான் என்று எழுதிவிட்டார். செசேரைத் தீவிரர் என்று ஒதுக்கலாம், போல் தெய்ட்ஜெனை ஒதுக்க முடியாது. எதிர்ப்பியக்கத்தில் ஈடுபட்டுப் பிடிபட்டு, டாகாவ் முகாமுக்கு அனுப்பப்பட்ட அவர், அல்ஜியர்ஸ் காவல்துறைப் பொதுச்செயலராக இருந்தபோது, 1957இல் கைதிகளின் உடலில் தான் முன்பு கெஸ்டாபோவிடம் பட்ட அடையாளங்களைக் கண்டார். அதை அப்படியே ஆளுநர் லகோஸ்துக்கு எழுதி, பதவி விலகினார். ஜெனரல் ழாக் தெ பொலார்தியேர் 1940இலேயே தெகோலுடன் சேர்ந்து, 'விடுதலைத் தோழர்' என்ற உயரிய பட்டம் பெற்றவர். சித்திரவதைக்கு ஆணையிடும் கட்டளையை ஏற்க மறுத்து வெளிப்படையாகப் பேசியதற்காக அதே ஆண்டு அவரைக் கோட்டையில் அறுபது நாள் காவலில் வைத்தார்கள். ஆணையிட்ட ஜெனரல் மசூவும் 1940இல் சாட் நாட்டிலிருந்து சுதந்திர பிரான்சில் சேர்ந்தவர்தான். அடுத்த ஆண்டு அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.